ஸ்பிரிங் பட்டையில் குறை கண்டால்: அறிகுறியிலிருந்து காரணம் தேடும் முறை

டர்பன் நகரின் தெற்கே, துறைமுகத்துக்கும் பழைய விமான நிலையத்துக்கும் இடைப்பட்ட தொழிற்பேட்டையில் உள்ள ஒரு ஸ்பிரிங் பட்டறையில் தரச் சோதனை மேசை என் பொறுப்பில் இருக்கிறது. லாரிகளுக்கும் டிரெய்லர்களுக்கும், இந்த ஊரில் பக்கி என்று எல்லோரும் சொல்லும் சிறு சரக்கு வண்டிகளுக்கும் நாங்கள் பட்டைக்கட்டு (வண்டியின் சுமையைத் தாங்க, வளைந்த எஃகுப் பட்டைகளை அடுக்கிக் கட்டிய லீஃப் ஸ்பிரிங்) செய்கிறோம். வேலைச் சீட்டுகள் ஆங்கிலத்தில் இருக்கும், பேச்சு பாதிக்குப் பாதி சூலுவில் நடக்கும். தமிழ்நாட்டிலிருந்து ஒப்பந்தத்தில் வந்து சேர்ந்த இரண்டு இளைஞர்கள் கேட்ட கேள்விகளுக்குப் பதிலாகத்தான் இந்தக் குறிப்பைத் தமிழில் எழுதத் தொடங்கினேன். அவர்கள் கேட்ட கேள்விகள் பெரும்பாலும் "இந்தக் குறை வந்தால் எந்த மிஷினைத் திருத்த வேண்டும்?" என்ற வடிவில் இருந்தன. அந்தக் கேள்விக்கு ஒரே வரியில் விடை சொல்ல இயலாமல் போவதற்குக் காரணம், பட்டையில் குறை கண்ணுக்குத் தெரியும் இடமும் அது பிறந்த இடமும் பெரும்பாலும் வெவ்வேறாக இருப்பதுதான்.

வேலை நடக்கும் வரிசையை முதலில் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். தட்டைக் கம்பியை அளவுக்கு வெட்டுகிறோம், நடுத்துளையைக் குத்துகிறோம், முனைகளைச் சீவி, அடுக்கின் மெயின் பட்டைக்குக் கண் (வண்டிச் சட்டத்தோடு இணையும் வளையம்) சுருட்டுகிறோம், ஏறத்தாழ 850 முதல் 900 டிகிரி செல்சியஸ் வரை உலையில் காய்ச்சி, அச்சில் வைத்து வளைத்து, வளைத்த நிலையிலேயே எண்ணெயில் அமிழ்த்துகிறோம், பிறகு 400 முதல் 500 டிகிரிக்குள், உருக்கின் வகைக்கேற்ப டெம்பர் செய்கிறோம் (நொறுங்கும் குணம் குறைய மறுபடி மிதமாகக் காய்ச்சுகிறோம்). அதன் பின்னர் ஷாட் பீனிங் (சிறு எஃகுக் குண்டுகளால் அடித்தல்), பெயின்ட், கண்ணுக்குள் ரப்பர் புஷ் அழுத்துதல், பட்டைகளை அடுக்கிச் சென்டர் போல்ட்டும் கிளிப்பும் போடுதல், கடைசியாகப் பெரிய பிரஸ்ஸில் ஆழமாக அழுத்தி அமர வைத்தல் என்று வேலை முடிகிறது. ஒரு படியில் விதைத்த குறை மூன்று படி தள்ளித்தான் முளைக்கும் என்பதால், கண்ட இடத்தில் நின்று திருத்தத் தொடங்குகிறவர் நல்லதாக இருந்த மிஷினையும் கெடுத்துவிடுவார்.

ஆகவே எந்த அறிகுறியானாலும், பட்டையைத் தொடுவதற்கு முன் நான்கு விவரங்களை எழுதிக்கொள்ள வேண்டும்: எந்த உருக்கு வார்ப்பு எண், எந்த நாள் எந்த ஷிஃப்ட், அடுக்கில் எத்தனையாவது பட்டை, நடுத்துளையிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் தள்ளிக் குறை இருக்கிறது. ஒடிந்து வந்த துண்டாக இருந்தால் அதைத் தேய்க்கவும் கூடாது, அமிலத்தில் கழுவவும் கூடாது. ஒடிந்த இரு முகங்களையும் பொருத்திப் பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். பொருத்திய கணத்தில் முகத்தின் மேடுகள் ஒன்றையொன்று நசுக்கி, படிக்க வேண்டிய எழுத்தை அழித்துவிடும். லேசாக எண்ணெய் தடவி, தனித்தனியாகத் துணியில் சுற்றி வைப்பதே சரி.

ஓட்டத்தில் பட்டை ஒடிந்து திரும்பி வந்தால்

இதற்குத்தான் மிக அதிக நேரம் கொடுக்க வேண்டும். வண்டியில் பட்டையின் இரு கண்களும் சட்டத்தோடு இணைந்திருக்க, நடுப்பகுதி சக்கர அச்சின் மேல் அமர்ந்திருக்கும். சுமை ஏறும்போது வளைவு நிமிர்கிறது; அதனால் குழிந்திருக்கும் மேல்முகம் இழுபடுகிறது, அடிமுகம் அழுத்தப்படுகிறது. விரிசல் இழுபடும் முகத்திலேயே தொடங்கும் என்பதால் மேல்முகத்தையும் அதன் இரு ஓரங்களையும்தான் முதலில் பார்க்க வேண்டும்.

ஒடிந்த முகத்தைப் பகல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால், களைப்பினால், அதாவது திரும்பத் திரும்ப ஏறி இறங்கும் சுமையால், ஒடிந்த பட்டையில் இரண்டு பகுதிகள் தெரியும். ஒரு பகுதி வழவழப்பாக, அலை பின்வாங்கிய பிறகு கடற்கரை மணலில் நிற்கும் கோடுகளைப் போன்ற வளைகோடுகளோடு இருக்கும். மற்றது சர்க்கரைக் கட்டியை உடைத்தாற்போலச் சொரசொரப்பாக இருக்கும். வளைகோடுகள் எந்தப் புள்ளியைச் சுற்றிக் குவிகின்றனவோ அதுதான் பிறப்பிடம். வழவழப்பான பகுதி பெரிதாகவும் சொரசொரப்பு சிறிதாகவும் இருந்தால், பட்டை குறைந்த சுமையில் நீண்ட நாள் உழைத்து மெல்லமெல்லப் பிளந்திருக்கிறது. வழவழப்பு நகக்கண் அளவே இருந்து மீதி முழுவதும் சொரசொரப்பாக இருந்தால், சுமை மிக அதிகமாக இருந்திருக்கலாம், அல்லது பட்டை அளவுக்கு மீறிக் கடினமாகி நொறுங்கும் குணம் பெற்றிருக்கலாம். அந்த இரண்டில் எது என்பதைக் கடினச் சோதனை சொல்லிவிடும்.

ஒடிந்த இடமும் ஒரு சாட்சி. நடுத்துளையின் குறுக்கே ஒடிந்திருந்தால் முதல் சந்தேகம், பட்டைக்கட்டைச் சக்கர அச்சோடு பிடிக்கும் யு போல்ட்டின் மேல் விழ வேண்டும். யு போல்ட் இறுக்கமாக இருக்கும் வரை அதன் பிடிக்குள் உள்ள பகுதி வளைவதில்லை, ஆகவே துளையின் விளிம்புக்கு வேலை இல்லை. போல்ட் தளர்ந்துவிட்டால் பட்டையின் மிகப் பெரிய வளைவு துளை இருக்கும் இடத்திலேயே விழுகிறது. பிடிக்குள் இருந்த முகத்தில் செந்தூளும் தேய்மானத் தடமும் இருந்தால் தளர்ச்சி உறுதியாகிவிடும். புதிய பட்டைக்கட்டு முதல் சில நூறு கிலோமீட்டரில் அமர்ந்து கொடுக்கும், பட்டைகளுக்கு இடையேயுள்ள பெயின்ட் நசுங்கும். அதன் பிறகு யு போல்ட்டை டார்க் ரெஞ்ச் கொண்டு மறுபடி இறுக்காவிட்டால் எவ்வளவு நல்ல உருக்கும் துளையில்தான் போகும். இந்த விவரத்தைப் பட்டைக்கட்டோடு ஒரு சீட்டில் அச்சிட்டுக் கட்டி அனுப்புகிறோம். அதைப் பிரித்துப் படிப்பவர்கள் குறைவு என்பது என் அனுபவம்.

யு போல்ட்டின் விளிம்பை ஒட்டி ஒடிந்திருந்தால் சுமையையும் அடித்தட்டின் கூர்மையான ஓரத்தையும் பார்க்க வேண்டும். கண்ணுக்கும் நடுவுக்கும் இடையே, யாரும் எதிர்பார்க்காத இடத்தில் ஒடிந்திருந்தால் பிறப்பிடத்தில் ஏதோ ஒரு காயம் இருந்தே தீரும்: துருக்குழி, சுத்தியல் தழும்பு, கிரைண்டர் சூடு, வெல்டிங் பொறி ஆகியவற்றில் ஒன்று. கண்ணின் கழுத்தில் ஒடிந்திருந்தால், சுருட்டும்போது முனை அளவுக்கு மீறிச் சூடேறியதா, உருட்டாலையில் கம்பியை உருட்டும்போதே நீளவாக்கில் மடிப்பு விழுந்திருந்ததா என்று பார்க்க வேண்டும்.

இதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். இங்கே கரும்பு வெட்டும் பருவம் ஏறத்தாழ ஏப்ரலில் தொடங்கி டிசம்பர் வரை போகும். அந்த மாதங்களில் வடகரையின் கரும்பு லாரிகளிலிருந்து எங்களுக்கு ஒடிந்த பட்டைகள் வருவது வழக்கம். வயதான ஒரு லாரிச் சொந்தக்காரர், மூன்றே மாதம் ஓடிய மெயின் பட்டையின் இரண்டு துண்டுகளை மேசைமேல் வைத்து, "இரும்பு நல்லா இல்லே தம்பி. முன்னே போட்டது பத்து வருஷம் ஓடிச்சு" என்றார். கடினம் சரியாக இருந்தது. வளைகோடுகள் மேல்முகத்தின் ஓரத்தில் ஒரு புள்ளியில் குவிந்தன. அந்தப் புள்ளியைப் பத்து மடங்கு லென்ஸில் பார்த்தபோது, நெல்மணியின் பாதி அளவில், உருகி உறைந்த ஒரு பொட்டு தெரிந்தது. உருகிய அந்தச் சிறு இடத்தின் சூட்டைச் சுற்றியுள்ள குளிர்ந்த இரும்பு நொடியில் உறிஞ்சிவிடுவதால், அது டெம்பர் ஆகாத கண்ணாடியைப் போன்ற கடினத்தோடும் கண்ணுக்குத் தெரியாத கீறல்களோடும் நின்றுவிடும். "ஐயா, வண்டியில் சமீபத்தில் வெல்டிங் ஏதாவது நடந்ததா?" என்று கேட்டேன். கரும்புக் கூண்டின் கம்பியை ஒட்ட வைத்ததாகச் சொன்னார். வெல்டிங் மிஷினின் எர்த் கிளிப்பை எங்கே மாட்டினார்கள் என்று கேட்டதும் சற்று யோசித்து, "அது ஸ்பிரிங்லதான் மாட்டினாங்க" என்றார்.

நாங்களே செய்த தவறும் உண்டு. ஒரு காலத்தில் பட்டை எண்ணை இழுபடும் முகத்தில் அச்சுக் கட்டையால் அடித்து வந்தோம். திரும்பி வந்த ஒரு பட்டை, அந்த எண்ணில் இருந்த 7-இன் காலோடு சேர்ந்து நேர்க்கோடாகப் பிளந்திருந்தது. அன்றிலிருந்து எண்ணை அழுத்தப்படும் முகத்தில், உழைப்புக் குறைந்த முனையருகேதான் அடிக்கிறோம்.

பட்டறைக்குள்ளேயே விரிசல் தெரிந்தால்

டெம்பர் முடிந்த பட்டையில் காந்தத்தூள் சோதனை ஒரு கோட்டைக் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். விரிசலை முழுவதும் பிளந்து உள்முகத்தின் நிறத்தைப் பார்ப்பதே மிக மலிவான, மிக நம்பகமான சோதனை. உட்புறம் கருத்து, உலைச் சூட்டில் உண்டாகும் செதில் படிந்து, அதன் சுவரில் கார்பனும் போயிருந்தால், விரிசல் உலைக்குப் போவதற்கு முன்பே இருந்திருக்கிறது; கம்பியின் உருட்டுமடிப்பையும் துளை குத்திய முறையையும் பார்க்க வேண்டும். உட்புறம் செதிலின்றி நீலமாகவோ வைக்கோல் நிறமாகவோ இருந்தால், எண்ணெயில் அமிழ்த்தும்போது பிளந்து, பிறகு டெம்பர் உலையில் நிறம் ஏறியிருக்கிறது. உட்புறம் பளிச்சென்று புதிதாக இருந்தால் டெம்பருக்குப் பின்னர் வந்தது. நிமிர்த்தும் பிரஸ்ஸையும் கிரைண்டரையும் பாருங்கள்.

எண்ணெயில் வந்த விரிசல் என்று முடிவானால் கேள்விகளின் வரிசை இது. முதலில் எண்ணெயில் தண்ணீர் இருக்கிறதா? ஒரு கரண்டி எண்ணெயைச் சூடான தகட்டில் விட்டால், தண்ணீர் கலந்திருந்தால் தாளிப்பில் கடுகு வெடிப்பது போலச் சடசடக்கும். எங்கள் பட்டறையில் குளிர்விக்கும் குழாயில் ஊசித்துளை விழுந்ததை இப்படித்தான் கண்டோம். தொட்டியின் அடியில் தண்ணீர் தேங்கியிருப்பது விரிசலுக்கு மட்டுமல்ல, எண்ணெய் பொங்கித் தீப்பிடிப்பதற்கும் வழி என்பதால், இந்தச் சோதனை முடியும் வரை தொட்டியை நிறுத்தி வைக்க வேண்டும். அடுத்து, எண்ணெய் மிகவும் குளிர்ந்திருந்ததா? திங்கட்கிழமை காலை முதல் தட்டுப் பட்டைகளில் (முதல் தொகுதியில்) மட்டும் விரிசல் வந்தால் இதைத்தான் நினைக்க வேண்டும். சாதாரண எண்ணெயை 50 டிகிரிக்கு மேல் சூடாக்கிய பிறகே வேலையைத் தொடங்குவது நல்லது. மூன்றாவதாக, எண்ணெயிலிருந்து எடுத்த பட்டை டெம்பர் உலைக்குப் போகக் காத்திருந்த நேரம் எவ்வளவு? டெம்பர் ஆகாத பட்டை உள்ளுக்குள் இழுவிசையோடு நிற்கும். மதிய உணவு முடிந்து வரும் வரை அதை டிராலியில் விட்டுவைத்தால் தானாகவே பிளக்கக்கூடும்.

விரிசல் எப்போதும் துளையிலிருந்தே கிளம்புகிறதென்றால், குத்தும் பஞ்சின் (துளையிடும் கருவியின்) முனை மழுங்கியிருக்கிறது. விரலை விட்டுத் தடவினால் துளையின் அடி விளிம்பில் பிசிர் தட்டும். பஞ்சைத் தீட்டி, துளையின் இரு விளிம்புகளையும் சாய்வாகச் சீவிய பிறகு உலைக்கு அனுப்புங்கள்.

கடினம் அளவுக்குள் இல்லையென்றால்

கடினத்தை அளக்கும் பிரினெல் சோதனையில் 10 மி.மீ. குண்டை 3000 கிலோ சுமையில் அழுத்துகிறோம். குழியின் விட்டம் 3.00 மி.மீ. என்றால் கடினம் 415, 3.10 என்றால் 388; 2.85 என்றால் 461. லாரிப் பட்டைகளுக்கு வழக்கமாகக் கேட்கப்படுவது இந்த 388-க்கும் 461-க்கும் இடைப்பட்ட எல்லையைச் சார்ந்தே இருக்கும். வரைபடத்தில் குறுகலாகக் கொடுத்திருந்தால் அதுவே சட்டம். இதில் ஒரு மில்லிமீட்டரின் பத்தில் ஒரு பங்கு எவ்வளவு பெரிய வேறுபாட்டைத் தருகிறது என்பதைக் கவனியுங்கள். குழியை ஒரு திசையில் மட்டும் அளந்து எழுதுவது, எங்கள் மேசையில் நான் கண்டிக்கும் முதல் பழக்கம்; குறுக்கும் நெடுக்குமாக இரண்டு அளவெடுத்துச் சராசரி போட வேண்டும்.

குழி போடுவதற்கு முன் மேல்தோலைக் கிரைண்டரில் மெல்லச் சீவ வேண்டும் என்று எல்லாப் புத்தகங்களும் சொல்கின்றன. நான் குறை தேடும்போது சீவாமலும் ஒரு அளவு, சீவிய பிறகும் ஒரு அளவு எடுக்கச் சொல்கிறேன். இரண்டிலும் குறைவாக இருந்தால் பட்டை முழுவதும் மென்மையாக இருக்கிறது. சீவாத இடத்தில் குறைந்து, சீவிய இடத்தில் சரியாக இருந்தால் மேல்தோலில் கார்பன் போயிருக்கிறது என்ற சந்தேகம் எழும்; பிரினெல் குழி ஆழமானதால் மெல்லிய கார்பன் இழப்பு அதில் ஒளிந்துகொள்ளும், ஆகவே ஒரு துண்டை வெட்டி மெருகேற்றி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பதுதான் தீர்ப்பு. பட்டையின் உழைப்பெல்லாம் மேல்தோலில்தான் நடக்கிறது. உள்ளே எவ்வளவு நல்ல உருக்கு இருந்தாலும், தோல் மென்மையானால் களைப்பு விரிசல் சீக்கிரம் பிடிக்கும்.

பட்டை முழுவதும் மென்மை என்றால், டெம்பருக்கு முன் எடுத்த ஒரு பட்டையின் கடினத்தைப் பாருங்கள். மற்றொரு கடின அளவான ராக்வெல் சி அளவில் 55-க்கு மேல் இருந்தால் அமிழ்த்தும் வேலை சரி, டெம்பர் உலைதான் அளவுக்கு மேல் சூடாக இருக்கிறது. வெப்பமானியின் முனை பட்டைகளிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும். அமிழ்த்திய உடனேயே குறைவாக இருந்தால், உலை போதிய சூடு ஏறவில்லை, அல்லது உலையிலிருந்து எண்ணெய்க்குப் போகும் வழியில் பட்டை ஆறிவிட்டது, அல்லது அந்தத் தடிப்புக்கு அந்த உருக்கு போதாது. எஸ்ஏஇ 5160-ஐப் போன்ற குரோம் உருக்கு நடுத்தரத் தடிப்புக்கு நன்றாகவே கடினமேறும். தடித்த பாரபோலிக் (முனைகளை நோக்கி மெலியும்) பட்டையின் நடுப்பகுதி வரை கடினம் ஏற வேண்டுமானால், 51 சிஆர்வி 4 போன்ற வனேடியம் கலந்த உருக்கோ அதைவிட ஆழமாகக் கடினமேறும் வகையோ தேவைப்படும். எண்ணெயைக் குறை சொல்லிப் பயனில்லை. ஒரே பட்டையின் ஒரு முனை கடினமாகவும் மறுமுனை மென்மையாகவும் இருந்தால் தொட்டியில் எண்ணெய் சுழலும் பம்ப்பைப் பாருங்கள்.

கார்பன் இழப்புக்கு இந்த நாட்டுக்கே உரிய ஒரு காரணமும் உண்டு. 2008-ஐ ஒட்டிய காலத்திலிருந்து அவ்வப்போது வந்து, 2023-இல் உச்சத்தைத் தொட்ட லோட் ஷெடிங் என்ற முறைவைத்த மின்வெட்டை இங்கே எல்லோரும் அறிவர். எங்கள் உலை எரிவாயுவில் எரிந்தாலும், பட்டைகளை நகர்த்தும் பொறியும் காற்றடிக்கும் விசிறியும் மின்சாரத்தில் ஓடுகின்றன. மின்சாரம் போனதும் தீ அணையும். செங்கல் சுவரின் சூடு அணையாது. உள்ளே நிற்கும் பட்டைகள் 800 டிகிரிக்கு மேலேயே, கதவிடுக்கில் புகுந்த காற்றில், நகராமல் வேகும். மின்சாரம் திரும்பியதும் அந்தப் பட்டைகளை வழக்கம்போல எண்ணெயில் விட்டு அனுப்பிக்கொண்டிருந்தோம். கடினம் பிரினெல்லில் தேறியது. சில மாதம் கழித்து, ஒரே தேதியின் பட்டைகள் நான்கு வெவ்வேறு வண்டிகளிலிருந்து ஒடிந்து வந்தன. மைக்ராஸ்கோப்பில் அந்தத் தோல் வெள்ளையாக, கார்பன் முற்றிலும் போன இரும்பாகத் தெரிந்தது.

அதன்பின் வைத்த விதி இதுதான்: மின்சாரம் நின்ற வேளையில் உலைக்குள் இருந்த எந்தப் பட்டையும் எண்ணெய்க்குப் போகக்கூடாது. அவற்றை வெளியே இழுத்து, காற்றில் ஆறவிட்டு, மஞ்சள் பெயின்ட் அடித்துத் தனியே அடுக்கி, ஒவ்வொரு வரிசையிலிருந்தும் ஒரு துண்டு வெட்டிப் பார்த்த பிறகே முடிவு செய்ய வேண்டும். மறுபடி காய்ச்சினால் சரியாகிவிடும் என்று உலைப் பக்கத்தில் இருப்பவர்கள் சொல்வார்கள். மறுபடி காய்ச்சினால் சாதாரண உலையில் கார்பன் இன்னும் போகுமே தவிரத் திரும்பி வராது. மின்வெட்டு இல்லாத நாளிலும் இதே குறை வந்தால், பர்னரில் காற்று அதிகமா, பட்டைகள் உலையில் தேவைக்கு மேல் நேரம் நிற்கின்றனவா, வாங்கிய கம்பியிலேயே தோல் கெட்டிருந்ததா என்ற வரிசையில் பாருங்கள். கடைசிக் கேள்விக்கு, உலைக்குப் போகாத ஒரு துண்டுக் கம்பியை வார்ப்பு எண்ணோடு எப்போதும் எடுத்து வைத்திருந்தால்தான் விடை சொல்ல முடியும்.

உயரமும் விறைப்பும் ஒத்துவராதபோது

பட்டை தாழ்ந்துவிட்டது என்பதும் பட்டை மெத்தென்று இருக்கிறது என்பதும் வாடிக்கையாளர் வாயில் ஒரே புகாராக வரும்; சோதனை மேசையில் அவை இரண்டு வெவ்வேறு நோய்கள். ஒரு மில்லிமீட்டர் இறங்க எவ்வளவு சுமை தேவைப்படுகிறது என்பது விறைப்பு. அது கடினத்தைப் பொறுத்ததன்று. எல்லா ஸ்பிரிங் உருக்குகளின் மீள்மைக் கெழுவும், காய்ச்சியதும் காய்ச்சாததும் உட்பட, ஏறத்தாழ ஒன்றே. விறைப்பு குறைந்தால் டெம்பர் உலைப் பக்கம் போகாமல் மைக்ரோமீட்டரைக் கையில் எடுங்கள். விறைப்பு தடிப்பின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது, 10 மி.மீ. பட்டை 9.8 ஆக இருந்தால் பார்வைக்கு ஒன்றும் தெரியாது, விறைப்போ 6 விழுக்காடு குறைந்துவிடும். செதில் அதிகமாக உதிர்ந்த பட்டை, உருட்டாலையில் கீழ் எல்லையில் வந்த கம்பி, கண் முதல் கண் வரையுள்ள நீளம் கூடியது ஆகியவை இதற்கான வழக்கமான காரணங்கள். நீளமும் மும்மடியாகவே வேலை செய்யும்.

உயரம் குறைவது வேறு. புதிதாக அளந்தபோது சரியாக இருந்து, சில வாரங்களில் வண்டி ஒரு பக்கம் தாழ்ந்தால், கடைசிப் பிரஸ்ஸில் போதிய ஆழம் அழுத்தவில்லை என்பது முதல் சந்தேகம். கடினம் குறைவு என்பது இரண்டாவது. பிரஸ்ஸைச் சோதிக்க எளிய வழி இருக்கிறது. ஒரு பட்டைக்கட்டை அழுத்தி உயரத்தை அளந்து, மறுபடி அதே ஆழத்துக்கு அழுத்தி மறுபடி அளக்க வேண்டும். இரண்டாம் முறையும் உயரம் இறங்கினால் முதல் அழுத்தம் வேலையை முடிக்கவில்லை. எங்களிடம் ஒருமுறை பிரஸ்ஸின் நிறுத்துக்கட்டை தேய்ந்து, 8 மி.மீ. குறைவாகவே இறங்கிக்கொண்டிருந்தது, பிரஸ்ஸின் அளவுகோலோ சரியாகவே காட்டிக்கொண்டிருந்தது.

பட்டைக்குப் பட்டை வளைவு மாறினால், அச்சின் விரல்களில் எது தேய்ந்திருக்கிறது, பட்டை அச்சில் விழும்போது என்ன சூட்டில் இருந்தது, எண்ணெயிலிருந்து சீக்கிரம் எடுத்துவிட்டார்களா என்று பாருங்கள். பக்கவாட்டில் முறுக்கியிருந்தால் பெரும்பாலும் உலையிலிருந்து எடுக்கும் இடுக்கிதான் குற்றவாளி. எதுவானாலும், டெம்பர் ஆன பட்டையைச் சுத்தியலால் அடித்து நிமிர்த்த விடக்கூடாது.

எல்லாம் சரி, ஆனால் ஆயுள் குறைவு

கடினம் சரி, தோல் சரி, அளவு சரி, ஆனால் களைப்புச் சோதனையில் பட்டை முன்னதாகவே ஒடிகிறது என்றால் ஷாட் பீனிங் அறைக்குப் போங்கள். இழுபடும் முகத்தில் சிறு எஃகுக் குண்டுகளை வேகமாக எறிந்து, அந்தத் தோலை அழுத்தநிலையில் வைப்பதுதான் இந்த வேலை. பீனிங் ஆன பட்டையும் ஆகாத பட்டையும் பெயின்டுக்குப் பிறகு பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும் என்பதால் ஏமாறுவது எளிது. ஜெனரல் மோட்டார்ஸில் பணியாற்றிய ஜான் ஆல்மென் வகுத்த பட்டிச் சோதனைதான் இன்றும் அளவுகோல்: 76 மி.மீ. நீளமும் 19 மி.மீ. அகலமும் உள்ள மெல்லிய எஃகுப் பட்டியைப் பட்டையின் இடத்தில் கட்டி அனுப்பினால், ஒரு முகத்தில் மட்டும் குண்டடி பட்டு அது வில்லாக வளைந்து வரும். அந்த வளைவின் உயரமே தீவிரம்.

வளைவு குறைந்திருந்தால், எறியும் சக்கரத்தின் தகடுகள் தேய்ந்தனவா, குண்டுகள் நொறுங்கித் தூளாகிவிட்டனவா என்று பாருங்கள். சல்லடையில் போட்டால் குண்டின் கதை தெரியும். உடைந்த குண்டின் கூர்முனை தோலைக் கீறுவதால், அது பயனற்றது என்பதோடு நிற்காமல் தீங்கும் செய்யும். வளைவு சரியாக இருந்தும் ஆயுள் குறைந்தால், குண்டடி படாத திட்டுகள் உள்ளனவா என்று லென்ஸில் பாருங்கள். மற்றொன்று, பட்டையைத் தலைகீழாக அனுப்பிவிட்டார்களா என்பதையும் பாருங்கள். சிரிக்க வேண்டாம், நடந்திருக்கிறது. பீனிங்கிற்குப் பிறகு பெயின்ட் உலையின் சூடு 200 டிகிரியைத் தாண்டினால் தோலில் ஏற்றிய அழுத்தம் தளரத் தொடங்கும் என்பதையும் பெயின்ட் பகுதிக்குச் சொல்லி வையுங்கள்.

துரு, சத்தம், புஷ்

டர்பனின் கடற்காற்றில், பீனிங் முடிந்த பட்டையை இரவு திறந்து வைத்தால் காலையில் செம்பழுப்பாகியிருக்கும். அந்த மெல்லிய துருவின் மேல் பெயின்ட் அடித்தால் ஓராண்டுக்குள் தோல் உரியும், அதனடியில் குழி விழும், குழியிலிருந்து விரிசல் கிளம்பும். ஆகவே பீனிங் ஆன அன்றே துத்தநாகம் மிகுந்த ப்ரைமர் ஏற வேண்டும்; ஒவ்வொரு பட்டையும் அடுக்குவதற்கு முன் தனித்தனியாகப் பெயின்ட் ஆக வேண்டும். அடுக்கிய பிறகு வெளியே மட்டும் அடிக்கப்பட்ட கட்டின் உட்புறத்தில் மழைநீரும் உப்பும் தங்கும். துருவை நீக்க அமிலத்தில் முக்கும் யோசனை வந்தால் மறுத்துவிடுங்கள்: இந்தக் கடினத்தில் உள்ள உருக்கு அமிலத்திலிருந்து ஹைட்ரஜனை உறிஞ்சி, சுமை ஏறிய சில நாளில் முன்னறிவிப்பின்றி ஒடியும். மின்முலாம் பூசிய சென்டர் போல்ட் தலை தெறித்தாலும் இதே சந்தேகத்தோடு, முலாமுக்குப் பின் அவற்றைச் சூட்டில் வைத்து எடுத்தார்களா என்று விற்றவரைக் கேளுங்கள்.

கிறீச்சென்ற சத்தத்துக்குப் பட்டை முனைகளுக்கிடையே உள்ள லைனர் நழுவியிருப்பதும் கிளிப் மிக இறுகியிருப்பதுமே பெரும்பாலும் காரணம். பாதுகாப்புக் குறை என்று சொல்ல முடியாது.

புஷ் கையால் தள்ளினாலே உள்ளே போனால், கண் விரிந்திருக்கிறது. சுருட்டும்போது சரியாக இருந்த கண் எண்ணெயில் அமிழ்த்தும்போது திறந்துகொள்ளக்கூடும் என்பதால், அளவை டெம்பருக்குப் பிறகும் எடுக்க வேண்டும். அழுத்தும் விசையைக் குறித்து வைத்தால், விசை மெல்லமெல்லக் குறைவதைக் கொண்டே சுருட்டும் அச்சு தேய்வதை முன்கூட்டி அறியலாம். இரு கண்களின் அச்சும் இணையாக இல்லாவிட்டால் ரப்பர் ஒரு பக்கம் பிதுங்கும்.

எத்தனை பட்டைகளை நிறுத்தி வைப்பது

காரணம் தெரிந்தபின் மேலாளர் கேட்கும் முதல் கேள்வி இதுதான். குறை கண்ட தட்டை மட்டும் நிறுத்துவது போதாது, மாதம் முழுவதையும் நிறுத்துவது வீண். அதே சோதனையில் தேறியதாகக் கையெழுத்தோடு உள்ள கடைசித் தட்டுக்கும், திருத்தம் செய்த பின் தேறிய முதல் தட்டுக்கும் இடைப்பட்ட அனைத்தையும் நிறுத்த வேண்டும். உருக்கில் குறை என்றால் வார்ப்பு எண் எல்லை. உலையில் குறை என்றால் நேரம் எல்லை. பஞ்சில் குறை என்றால் கடைசியாகத் தீட்டிய நாள் எல்லை. இடைப்பட்டவை ஏற்கெனவே வண்டியில் ஏறியிருந்தால், அதிலும் வான் ரீனன் கணவாய் ஏறி ஜோகன்னஸ்பர்க் போகும் என்3 (N3) நெடுஞ்சாலை லாரிகளில் ஏறியிருந்தால், வாடிக்கையாளருக்கு அன்றே போன் போட வேண்டும். அந்தப் பேச்சைத் தொடங்கும்போது வார்ப்பு எண்ணும் தேதியும் ஷிஃப்டும் கைக்கருகில் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான், மஞ்சள் பெயின்ட் அடித்த துண்டுகளைச் சீட்டுக் கட்டி என் மேசைக்குப் பின்னால் உள்ள அலமாரியில் வைத்திருக்கிறேன். ஓராண்டு கழியும் முன் எவரும் அவற்றைப் பழைய இரும்புக்குப் போடக்கூடாது.